அச்சாரம் யார் கையில்?

2025இல் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. சந்தோஷம். பறைக்கு மேடை வந்தாச்சு. கூலியை யார் பேசுவது?

மரக்காணத்தில் உப்பு வாருகிற கைகளே பறையும் அடிக்கின்றன. மழை இறங்கினால் உப்பளத்தில் வேலை இல்லை. அப்போ ஏஜெண்ட் சொன்னதுதான் ரேட்டு. அன்று ஊர்க்காரன் 'வாடா' என்றால் சேரி போகணும். இன்று அந்த அதட்டல் செல்போனில் வருகிறது. நாட்டுப்புறக் கலைஞர் நலவாரியம் அட்டை தரும், ரேட்டு பேசாது.

ஏஜெண்டே கூடாது என்பதல்ல என் வாதம். பேசிய தொகை, அவர் கமிஷன், வண்டிக்கூலி, சாப்பாடு எல்லாம் தாளில் வரட்டும். அச்சாரம் செட்டின் கணக்கில் விழட்டும். வங்கி குமாஸ்தா சொல்கிறேன்: பாஸ்புக்கில் ஏறாத காசுக்குச் சாட்சி கிடையாது.

மாணவத் தோழர்களே, அந்தத் தாளை எழுதிக் கொடுங்கள். 'வரமாட்டோம்' என்று சொல்ல முடிந்தால்தான் அது தொழில். இல்லையென்றால் பழைய அடிமை வேலைதான்.