ஏலத்திற்கு முன் அடையாளம்

பள்ளிக்கூடங்களின் சாமான் அறைகளில் அவ்வப்போது ஒரு கணக்கெடுப்பு நடைபெறுகிறது. கால் ஒடிந்த மேசை, துருவேறிய தராசு, கண்ணாடி தெறித்த பாரமானி ஆகியவற்றோடு, ‘பழைய கம்ப்யூட்டர், ஒன்று’ என்ற வரியும் கழிவுப் பட்டியலில் ஏறிவிடுகிறது. எந்தக் கம்ப்யூட்டர், யார் செய்தது, எதற்காக அப்பள்ளிக்கு வந்தது என்பன போன்ற கேள்விகள் எழுவதில்லை. எடைக்கு விலை பேசி முடிந்த பின்னர் அக்கேள்விகளுக்கு விடை காணவும் இயலாது.

இந்தியாவின் பள்ளிகளைப் பொறுத்தவரை இது சிறிய இழப்பன்று. ‘கிளாஸ்’ என்ற பெயரால் மத்திய அரசாங்கம் 1984-85ஆம் ஆண்டில் தொடங்கிய முன்னோடித் திட்டத்தின் வாயிலாகவே நம் நாட்டு மாணவர் பலர் முதன்முதலாகக் கணிப்பொறியைக் கண்ணுற்றனர். அதற்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்டது, இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரிலிருந்த ஏகார்ன் நிறுவனம் 1981 இறுதியில் வெளியிட்ட பி.பி.சி. மைக்ரோ என்னும் பொறி. மாநில அரசாங்கங்களின் மூலம் ஏறத்தாழ 12,000 பொறிகள் பள்ளிகளுக்கு வந்து சேர்ந்தன. இதே அமைப்பையொட்டி, மொகாலியில் இருந்த மத்திய அரசாங்க நிறுவனமான செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் ‘யூனிகார்ன்’ என்ற பெயரில் ஒரு பொறியை வெளியிட்டது. 1989 பிப்ரவரியில் அந்நிறுவனத்தின் தொழிற்சாலை தீக்கிரையானது பலரும் அறிந்த செய்தி. யூனிகார்னை அறிந்தவரோ மிகச் சிலர். சாமான் அறையில் கிடப்பது அதுவாகவும் இருக்கலாம் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

அடையாளம் காண்பது கடினமான கலை அன்று. பொறுமை ஒன்றே தேவை. பெயர்ப்பட்டை உதிர்ந்திருந்தாலும் உள்ளிருக்கும் பலகை பேசும். 6502 வகைச் செயலி, இரண்டு 6522 சில்லுகள், திரைக்கென 6845 சில்லு ஆகியவை ஒரே பலகையில் காணப்படின், அது பி.பி.சி. மைக்ரோ குடும்பத்தைச் சேர்ந்ததாகக் கருத இடமுண்டு. சில்லுகளின் முதுகில் அச்சிடப்பட்ட நான்கு இலக்கங்கள் பெரும்பாலும் ஆண்டையும் வாரத்தையும் குறிக்கும். 8431 என்றால் 1984ஆம் ஆண்டின் 31ஆம் வாரம். இங்கே ஓர் எச்சரிக்கை. 6522 என்பதைக் கண்டு 1965ஆம் ஆண்டுச் சில்லு என மகிழ்ந்துவிடுதல் கூடாது. அது வகை எண். மேலும், தாங்கியில் செருகப்பட்ட சில்லு பிற்காலத்தில் மாற்றப்பட்டதாகவும் இருக்கலாம். ஆகையால் பலகையில் நேரே பற்றவைக்கப்பட்ட சில்லுகளின் தேதிகளையே நம்புவது நலம். அவற்றுள் மிகப் பிந்திய தேதிக்கு முன்னர் அப்பலகை உருவாகியிருக்க முடியாது.

சில்லுகளைப் பார்வையிடும்போது, அவற்றின்மேல் ஒட்டியிருக்கும் தாள் துண்டுகளைப் பிய்க்கலாகாது. சிலவகை நினைவகச் சில்லுகளில் அத்தாளுக்கு அடியில் ஒரு சிறு கண்ணாடிச் சாளரம் உண்டு. அதன் வழியே புற ஊதாக் கதிர் நெடுநாள் படுமாயின் உள்ளிருக்கும் பதிவு அழிந்துபோகும்.

பொறி கிடைத்தவுடன் மின்சாரத்தில் இணைத்துப் பார்ப்பதே பெரும்பாலோர் செய்யும் முதற் காரியம். அதுவே முதற் பிழையும் ஆகும். இவ்வகைப் பொறிகள் பலவற்றின் மின்வழங்கியில், மின் இரைச்சலைத் தடுப்பதற்காகக் காகித மின்தேக்கிகள் வைக்கப்பட்டிருந்தன. காலப்போக்கில் அவற்றின் மேலுறை வெடித்து ஈரத்தை உறிஞ்சிக்கொள்கிறது. மின்சாரம் பாய்ந்ததும் நெடி மிக்க புகையுடன் அவை கருகுகின்றன. அவற்றை நீக்கி, அதே மதிப்புடைய, மின்வழிக்கெனத் தரம் குறிக்கப்பட்ட புதிய மின்தேக்கிகளை அமைத்த பிறகே பொறியை இயக்க வேண்டும். மின்வழங்கிப் பெட்டியைத் திறக்கும் வேலை பயிற்சி பெற்றவருக்கு உரியது. 230 வோல்ட் மின்சாரம் திருத்தப்பட்டபின் ஏறத்தாழ 325 வோல்ட்டாக உள்ளே தேங்கி நிற்கும். இணைப்பைப் பிடுங்கிய பின்னரும் சிறிது நேரம் அது எஞ்சியிருக்கக்கூடும். மாணவர் கைக்கு அதை ஒருபோதும் கொடுக்கலாகாது.

சீரான பொறி, இயக்கியதும் முதலில் ஒரு தாழ்ந்த ஒலியையும், உடனே குறுகிய உயர்ந்த ஒலியையும் எழுப்பும். தாழ்ந்த ஒலி ஓயாது நீடித்தால் செயலி தன் பணியைத் தொடங்கவில்லை என்பது பொருள். தாங்கிகளின் தொடுமுனைகளில் களிம்பேறுவது இதற்கு அடிக்கடி காணப்படும் காரணம். சில்லுகளை மெல்லக் கழற்றித் துடைத்து மீண்டும் செருகினாலே பல பொறிகள் உயிர்பெறுகின்றன.

இத்தனை பாடு எதற்கு, இன்றைய கணிப்பொறியிலேயே அன்றைய பொறியைப் போலிசெய்யும் நிரல்கள் உள்ளனவே எனக் கேட்போர் உண்டு. அவ்வாதத்தில் ஓரளவு நியாயமும் உண்டு. ஆனால் போலிசெய்யும் நிரலுக்கு உணவு வேண்டும். அவ்வுணவு பழைய நெகிழ்வட்டுகளிலும் நினைவகச் சில்லுகளிலும் அல்லவா இருக்கிறது? ஓர் ஆசிரியர் அக்காலத்தில் தம் வகுப்பிற்கென எழுதிய பாடநிரல் வேறெங்கும் இல்லாதிருக்கலாம். பூஞ்சணம் பிடித்த நெகிழ்வட்டை அப்படியே இயக்கியில் இட்டால் வட்டும் கெடும், படிக்கும் முனையும் கெடும். வட்டைத் தூய்மை செய்து, காந்தத் துடிப்புகளை அப்படியே படியெடுக்கும் சாதனம் கொண்டு ஒரே முறையில் பதிவு செய்துகொள்வதே தக்க வழி.

இதற்கு நேர்மாறான மிகையும் உண்டு. மஞ்சள் படிந்த பெட்டியை இரசாயனத்தில் தோய்த்து வெளுப்பதும், பள்ளியின் சொத்து எண்ணைச் சுரண்டி எடுப்பதும் சீரமைப்பு என்ற பெயரில் நடைபெறுகின்றன. வண்ணத்தூரிகையால் எழுதப்பட்ட அந்த எண், இருப்புப் பதிவேட்டோடு பொறியை இணைக்கும் ஒரே கயிறு. அது போனால் பொறி அநாதை ஆகிறது. இயங்காத பொறி ஒன்று தன் எண்ணோடும் பதிவேட்டோடும் இருப்பது, பளபளப்பான அநாதைப் பொறியைவிட மதிப்புடையது எனத் துணிந்து கூறலாம். மாற்றிய உறுப்பு ஒவ்வொன்றும் தேதியுடன் எழுதப்படல் வேண்டும்; கழற்றிய உறுப்பையும் உறையிலிட்டு உடன் வைத்தல் நன்று.

வகுப்பிற்கும் இதனால் பயனுண்டு. இப்பொறியில் உள்ள நினைவகம் 32 கிலோபைட்டு. மிக நுண்ணிய திரைமுறையைத் தேர்ந்தால் திரைக்கு மட்டுமே 20 கிலோபைட்டு சென்றுவிடும். எழுத்துகள் மட்டும் காட்டும் ஏழாம் முறைக்கோ ஒரே கிலோபைட்டு போதும். நினைவகம் என்பது பங்கிடப்படும் பொருள் என்பதை இதைவிடத் தெளிவாக மாணவனுக்கு விளக்கும் கருவி அரிது.

2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகள், கழிவைப் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்ப்பிக்கும்படி கூறுகின்றன. அது வேண்டிய ஏற்பாடே. ஆனால் கழிவு எது என்று தீர்மானிக்கும் பொறுப்பு பட்டியலில் கையொப்பமிடும் அலுவலருடையது. ‘பழைய கம்ப்யூட்டர், ஒன்று’ என்ற வரிக்குப் பதிலாகப் பொறியின் பெயர், வரிசை எண், பலகையின் தேதி, உடனிருக்கும் வட்டுகளின் எண்ணிக்கை ஆகியவற்றை எழுதி, மூடி திறந்த நிலையில் ஒரு புகைப்படமும் எடுத்து இணைக்க அரை நாள் போதும். யூனிகார்ன் என்ற பெயர் அப்பட்டியலில் தென்படுமாயின், கையொப்பம் அன்று சற்றுத் தாமதிக்கலாம்.