சாயம் போகும் சேலையும் ஒரு பிடி உப்பும்

மட்டக்களப்பு வாவியை அண்டிய ஊர்களில் மருதமுனைக் கைத்தறியின் பெயரை அறியாதார் இலர். சேலை நைந்த பின்பும் அதனை எறிய மனம் வராத நம் இல்லத்தரசிகள், நல்ல பகுதிகளை வெட்டியெடுத்துத் துண்டோடு துண்டு பொருத்திப் போர்வையாகத் தைத்துக்கொள்கின்றனர். அம்மம்மாவின் சேலையும் குழந்தையின் முதற் சட்டையும் ஒரே போர்வையில் இடம்பெறும். முதற் சலவையிலேயே சிவப்புக் கரை வெள்ளைத் துண்டிற் பரவிவிடுமாயின், அதற்கு ஈடான துணியை எந்தக் கடையில் வாங்குவது?

சாயம் போகாதிருக்க நம் வீடுகளிற் கையாளும் வழி ஒரு பிடி உப்பு. இந்நம்பிக்கைக்கு வேர் இல்லாமலில்லை. சாயத் தொட்டியில் உப்பிடுவது சாயக்காரரின் வழக்கமே. நீரில் நனைந்த பருத்தி நூலும் சாயமும் ஒன்றையொன்று விலக்கும் இயல்பின. உப்பு அவ்விலக்கத்தைத் தணித்துச் சாயத்தை நூலின்மேற் சேர்க்கின்றது. ஆயினும் சேர்ப்பது வேறு, பிணைப்பது வேறு. 1956ஆம் ஆண்டில் ஐ.சி.ஐ. நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த புரோசியன் போன்ற சாயங்களைப் பருத்தியோடு பிணைப்பதற்குச் சோடாக்காரம் வேண்டும். பிணையாது எஞ்சிய சாயத்தைக் கொதிநீரில் அலசிப் போக்காமல் விட்டால், அது நம் வீட்டு வாளியில் வந்து இறங்கும்.

அவ்வேளையில் உப்பிட்டால் நடப்பதென்ன? கழன்ற சாயம் நீரில் நில்லாது மீண்டும் துணியை நாடும். அருகிலுள்ள வெள்ளைத் துண்டையும் நாடும். வாளி நீர் தெளிந்திருக்கக் கண்டு மகிழ்வோம். அடுத்த முறை நல்ல நீர் பட்டதும் சிவப்பு மறுபடி புறப்படும். வினாகிரியும் பருத்திக்கு உதவாது. பட்டுக்கும் கம்பளிக்கும் இடும் சில சாயங்களுக்கே அது பயன்படும்.

நம் பகுதிக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மணற்றரையில், மழைநீரானது உவர்நீரின்மேல் ஒரு படையாக மிதந்து நிற்கின்றது. கிணற்றை அளவின்றி இறைத்தால் உவர் மேலேறும். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை கிணறுகளிற் கடல்நீரைக் கொட்டிய பின், மாரிமழையே அவற்றை மெல்ல மெல்லத் தேற்றியது. உவர்க் கிணற்று நீரில் அலசுவது, கேளாமலே உப்பிட்டது போலாம். அன்றியும் அந்நீரிற் சவர்க்காரம் நுரையாது திரிந்து துணியில் ஒட்டும். ஆதலின் இவ்வேலைக்கு மழைநீரையோ குழாய்நீரையோ எடுத்து, சலவைத் தூளைக் கரைத்துக்கொள்வது நன்று.

தைக்குமுன் ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே சுடுநீரில் ஊறவைத்து, ஈர வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். நிறம் ஏறினால் மீண்டும் அலசுங்கள். நாலைந்து முறைக்குப் பின்னும் நில்லாத துண்டைப் போர்வையிற் சேர்க்காதிருத்தலே நலம். 1960களில் அமெரிக்கர் சென்னைக் கட்டத் துணியை, ‘சாயம் ஓடுவது உறுதி’ என்றே விளம்பரம் செய்து விற்றனர்! சட்டைக்கு அது அழகாயிருந்திருக்கலாம்; போர்வைக்கு ஆகாது.

தைத்த பருத்திப் போர்வையிற் சாயம் ஓடிவிட்டதா? காயவிடாதீர்கள், இஸ்திரிக்கைப் பெட்டியையும் அண்டவிடாதீர்கள். பெரிய தொட்டி நிறைய, கை பொறுக்கும் சூட்டில் நல்ல நீர் எடுத்து, சலவைத் தூள் கரைத்து, போர்வை முழுதும் அமிழும்படி ஓர் இரவு ஊறவையுங்கள். நீர் தாராளமாக இருந்தாற்றான் கழன்ற சாயம் நீரோடு நிற்கும். நிறம் கண்டால் நீரை மாற்றி மறுபடி ஊறவையுங்கள். மூன்று நாள் சென்றாலும் பொறுத்திருங்கள். வெளிற்றும் தூள் கறையோடு சேலையின் நிறத்தையும் தின்றுவிடும்.

மாரிகாலத்தில் இவ்வேலையைத் தொடங்காதீர்கள். ஈரம் உலராமல் மடிந்து கிடக்கும் போர்வையில், அலசலிற் போகாத மிச்சச் சாயமும் மடிப்புக்கு மடிப்பு ஊர்ந்துவிடும். கொடியில் மடித்துப் போடாமல், வெயில் நேரே படாத காற்றோட்டமான இடத்தில் விரித்து உலர்த்துங்கள்.