இரண்டு கிண்ணம் சூப்



கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை ஏறி, செம்மேட்டில் வல்வில் ஓரி சிலையைப் பார்த்தவர்கள் முடவாட்டுக்கால் சூப் குடிக்காமல் திரும்புவது அபூர்வம். பாறையிலும் மரத்திலும் பற்றி வளரும் பெரணியின் கிழங்கு அது. ரோமம் போர்த்திய ஆட்டுக்கால் போலவே இருக்கும். மூட்டுவலிக்கென்று குடிக்கிறார்கள். குழந்தைக்காகக் காத்திருப்பவர்களும் குடிக்கலாமா என்றால், அதற்குப் பலன் உண்டு என்று சொல்ல ஆதாரமில்லை. எந்தச் சூப்பும் தனியாகக் கருவைத் தந்துவிடாது. உடம்பைத் தேற்றும் சூப் வேண்டுமானால், அது முருங்கை மரத்தடியிலேயே இருக்கிறது.

இரண்டு கைப்பிடி முருங்கைக்கீரை, ஒரு பிடி பாசிப்பருப்பு, சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி, கேரட். கெட்டியாக வர ஒரு கரண்டி சாமை. பருப்பும் சாமையும் குழைந்தபின் காய்களைப் போடுங்கள். கீரை கடைசியில்தான். அதிலுள்ள ஃபோலேட் சத்து நெடுநேரக் கொதியில் அழியும், தண்ணீரிலும் கரைந்து போகும். ஆகவே வடிகட்டிக் கொட்டாதீர்கள். கொல்லிமலை மிளகும் சீரகமும் தட்டிப்போட்டு இறக்கிய பிறகு எலுமிச்சை பிழியுங்கள். கீரையின் இரும்புச்சத்து உடலில் சேர அந்தப் புளிப்பு உதவும். குடித்த கையோடு டீ வேண்டாம், அது இரும்பைத் தடுத்துவிடும்.

ஃபோலேட்டை இவ்வளவு வலியுறுத்தக் காரணம் உண்டு. கருவின் மூளைக்கும் தண்டுவடத்துக்குமான அடித்தளம் முதல் நான்கு வாரத்திலேயே அமைந்துவிடுகிறது. பல பெண்களுக்குத் தாங்கள் உண்டாகியிருப்பதே அப்போது தெரியாது. அதனால் குழந்தைக்குத் திட்டமிடும்போதே மருத்துவரைக் கேட்டு, தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமில மாத்திரையையும் தொடங்கிவிடுங்கள். சூப் அதற்கு மாற்றல்ல.

இன்னொன்று. கல்யாணமான சில மாதங்களிலேயே "ஏதாவது விசேஷம் உண்டா?" என்று பெண்ணைத்தான் கேட்கிறோம். பத்தியமும் விரதமும் அவளுக்கே. குழந்தையின்மையில் ஏறத்தாழ பாதித் தம்பதியரிடம் ஆணின் பக்கமும் காரணம் இருக்கிறது. புகையும் மதுவும் விந்தணுவைக் கெடுக்கும். சூப்பை இரண்டு கிண்ணத்தில் ஊற்றுங்கள், பரிசோதனைக்கும் இருவருமே போங்கள். ஓராண்டு முயன்றும் கரு தங்காவிட்டால், பெண்ணுக்கு 35 வயது கடந்திருந்தால் ஆறு மாதத்திலேயே, மருத்துவரைப் பாருங்கள். விந்துப் பரிசோதனை எளிதானது. அதை முதலிலேயே செய்துகொள்ளச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்