இறந்த நேரம் என்று எதை எழுதுவது?

உறுப்பு மாற்று வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 நவம்பர் 19 அன்று பிறப்பித்த உத்தரவுகள் இதற்குள் எல்லோர் கைக்கும் வந்திருக்கும். ஆந்திரம் மனித உறுப்பு மாற்றுச் சட்டத்தின் 2011 திருத்தத்தை ஏற்க வேண்டும். தமிழ்நாடு, கர்நாடகம், மணிப்பூர் 2014 விதிகளை ஏற்க வேண்டும். ஒதுக்கீட்டுக்கு நாடு தழுவிய கொள்கை வேண்டும். இவற்றில் நமக்கு மாறுபாடு இல்லை. 2014 விதிகளுக்கும் நம் மாநில அரசாணைகளுக்கும் எங்கெங்கே முட்டும் என்பதை அடுத்த இதழில் சட்டப் பகுதி விரிவாகப் பார்க்கும்.

இந்த உரை அந்த உத்தரவில் உள்ள ஒரேயொரு பரிந்துரையைப் பற்றியது. இறப்புக்கான காரணத்தை நாம் எழுதிக்கொடுக்கும் படிவம் 4-ஐத் திருத்தி, அது மூளைத்தண்டு மரணமா என்றும், உறுப்பு தானம் செய்யும் வாய்ப்பு குடும்பத்துக்குத் தெரிவிக்கப்பட்டதா என்றும் குறிக்க இடம் தரலாம் என்று நீதிமன்றம் ஒன்றிய அரசிடம் சொல்லியிருக்கிறது. செய்தித்தாள்கள் இதைக் கடைசிப் பத்தியில் போட்டன, சில போடவே இல்லை. நமக்கோ மொத்த உத்தரவிலும் இதைவிடப் பெரிய விஷயம் எதுவும் இல்லை. இந்த இதழ் இதை மனதார வரவேற்கிறது. ஆனால் இரண்டு கேள்விகளும் ஒரே கட்டத்துக்குள் போய்விடக் கூடாது.

ஏன் என்று சொல்கிறேன். 1994 உறுப்பு மாற்றுச் சட்டத்தின் 2(e) பிரிவு, மூளைத்தண்டு மரணத்தால் நேர்ந்தாலும் இதயமும் மூச்சும் நின்று நேர்ந்தாலும் இறப்பு இறப்புதான் என்கிறது. 1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம், உயிரின் எல்லா அறிகுறிகளும் நிரந்தரமாக மறைவதே இறப்பு என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறது. இரண்டுக்கும் நடுவில் நாம் முப்பது ஆண்டுகளாகக் குடித்தனம் நடத்துகிறோம். நடைமுறையில் இதன் பொருள் என்னவென்று ஐசியுவில் வேலை பார்க்கும் எவருக்கும் தெரியும். குடும்பம் சம்மதித்தால் அவர் இறந்துவிட்டார். மறுத்தால், அதே நோயாளி, அதே பியூப்பில், அதே ஆப்னியா பரிசோதனை, ஆனால் அவர் இறக்கவில்லை. கேஸ் ஷீட்டில் ‘நிலைமை மோசம் என்று உறவினருக்கு விளக்கப்பட்டது’ என்று எழுதிவிட்டு, நார்அட்ரினலின் ஓடவிட்டு, இதயம் தானாக நிற்கும்வரை காத்திருக்கிறோம். அது இரண்டு நாளும் ஆகலாம், ஆறு நாளும் ஆகலாம்.

பல ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய ஒரு மருத்துவமனையில் பத்தொன்பது வயதுப் பையன். பைக் விபத்து. இரண்டாவது ஆப்னியா பரிசோதனை இரவு பதினொன்றே முக்காலுக்கு முடிந்தது. உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளர் பேசினார், நானும் கூட இருந்தேன். அப்பா செங்கல் சூளையில் வேலை பார்ப்பவர். எதிர்த்துப் பேசவில்லை, அழவும் இல்லை. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “சார், குடுக்கிறோம்னு சொன்னா எம்மவன் செத்துட்டான். குடுக்கலைன்னா இன்னும் உசுரோட இருக்கானா?”

என்னிடம் பதில் இல்லை. அவர் மறுத்தார். பையன் மூன்றரை நாள் வென்டிலேட்டரில் இருந்தான். ஒவ்வொரு நாள் காலையும் அந்த மனிதர் கண்ணாடிக்கு வெளியே நின்று மானிட்டரில் ஓடும் பச்சைக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். தான் மறுத்ததால்தான் மகன் பிழைத்துக் கிடக்கிறான் என்று அவர் நம்பியிருந்தால் அதற்குக் காரணம் நாம். ‘பார்த்தியா, அவங்க பேச்சைக் கேட்டிருந்தா அன்னிக்கே முடிச்சிருப்பாங்க’ என்று ஊரில் யாரேனும் சொல்லியிருந்தால், அந்தப் பேச்சுக்கு விதை போட்டதும் நாம்.

மக்களிடம் விழிப்புணர்வு போதாது என்று மேடைதோறும் சொல்லக் கேட்கிறோம். எனக்கு இதில் நெடுநாளாக உடன்பாடு இல்லை. அட்டை வாங்கிக் கையெழுத்துப் போடுகிறவர்கள் நம் மாநிலத்தில் ஏராளம். 2008 செப்டம்பரில் ஹிதேந்திரனின் பெற்றோர், இருவரும் மருத்துவர்கள், மகனின் உறுப்புகளைத் தானம் செய்ய எடுத்த முடிவை இன்றைக்கும் டீக்கடையில் உட்கார்ந்து சொல்லக்கூடியவர்கள் இருக்கிறார்கள். 2023-இல் 178 கொடையாளர்கள், 2024-இல் 268. தானம் பெரிய புண்ணியம் என்பதை யாரும் தமிழனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மறுக்கிற குடும்பங்களிடம் பேசிப் பாருங்கள். கண்ணைக் கொடுத்தால் அடுத்த பிறவியில் குருடாகப் பிறப்பான் என்று சொல்பவர்கள் இப்போது அரிது. உடம்பு சிதையுமா, போஸ்ட்மார்ட்டம் முடிந்து எப்போது கையில் கிடைக்கும் என்ற கவலை உண்டு. ஆனால் அதிகம் கேட்பது அந்த அப்பா கேட்டதைத்தான். நிஜமாகவே செத்துட்டானா? இல்ல, உங்களுக்கு வேணும்ங்கிறதுக்காகச் சொல்றீங்களா?

இந்தச் சந்தேகம் என்ன செய்யும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டாம். கேரளத்தில் 2015-இல் 76 கொடையாளர்கள். மூளை மரண அறிவிப்பில் மோசடி நடக்கிறது என்ற குற்றச்சாட்டுகள் கிளம்பின, வழக்கு வந்தது. 2017-இல் 18, 2018-இல் 8. மூன்றே ஆண்டில் 76 எட்டாகிவிட்டது. மலையாளிக்குத் தானத்தின் மேல் இருந்த மதிப்பு மூன்று ஆண்டில் அப்படிக் குறைந்துபோகாது. ‘இறந்துவிட்டார்’ என்று டாக்டர் சொல்லும் சொல்லின் மேல் இருந்த நம்பிக்கைதான் போயிற்று. கேரள அரசு அதிலிருந்து ஒரு பாடம் கற்றது. 2020 தொடக்கத்தில் வெளியிட்ட வழிகாட்டுதலில், தானம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் மூளை மரணத்தை உறுதிசெய்து சான்றளிக்கலாம் என்று வகுத்தது. தானத்திலிருந்து மரணத்தைப் பிரித்து வைத்தது. அதற்குப் பிறகும் அங்கே எண்கள் மெல்லத்தான் ஏறின. போன நம்பிக்கை அரசாணை பார்த்துத் திரும்பி வருவதில்லை.

ஸ்பெயினைப் பற்றி நம் கருத்தரங்குகளில் பேசாத ஆள் இல்லை. அங்கே 1979-லேயே ‘மறுக்காதவர் சம்மதித்தவர்’ என்ற சட்டம் வந்துவிட்டது. பத்து ஆண்டு பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. 1989-இல் தேசிய அமைப்பு வந்து, ஒவ்வொரு மருத்துவமனையிலும் ஐசியு மருத்துவர்களையே ஒருங்கிணைப்பாளர்களாக உட்கார வைத்த பிறகே எண் ஏறியது. இன்றைக்கும் அங்கே குடும்பத்தைக் கேட்காமல் எடுப்பதில்லை. சட்டத்தில் சம்மதத்தை எப்படி எழுதினாலும், படுக்கையருகே யார், எப்போது, எதைச் சொன்னார் என்பதில்தான் எல்லாம் நிற்கிறது.

இனி படிவத்துக்கு வருகிறேன்.

படிவத்தில் இறந்த தேதி, நேரம் என்று ஏற்கெனவே ஓர் இடம் இருக்கிறது. தானம் நடந்தால் நம்மில் பெரும்பாலோர் இரண்டாவது ஆப்னியா பரிசோதனை முடிந்த நேரத்தை எழுதுகிறோம். அறுவைக்கூடத்தில் அயோர்ட்டாவுக்குக் கிளாம்ப் போட்ட நேரத்தை எழுதிய சான்றிதழையும் நான் பார்த்திருக்கிறேன். தானம் நடக்காவிட்டால் இசிஜி தட்டையான நேரம். ஒரே நிலையில் இருக்கும் இரண்டு பேர், ஒருவர் செவ்வாய் இறக்கிறார், ஒருவர் வெள்ளி இறக்கிறார். இதை வெறும் எழுத்தர் வேலை என்று நினைப்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுக்காக இன்னொருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நாற்பத்தாறு வயதுப் பெண், சப்அரக்னாய்டு ரத்தக்கசிவு. குடும்பம் முழு மனதோடு சம்மதித்தது. செவ்வாய் இரவு ஒன்பது பத்துக்கு இரண்டாவது பரிசோதனை முடிந்தது. மற்ற ஊர்களிலிருந்து குழுக்கள் வந்து எல்லாம் முடிய, புதன் மாலை நான்கு மணிக்குத்தான் உடல் வெளியே வந்தது. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அண்ணன் என்னைத் தேடி வந்தார், கையில் லேமினேட் செய்த சான்றிதழ்.

“டாக்டர், இதுல செவ்வாய்னு போட்டிருக்கு. நாங்க புதன்கிழமைக்குத்தான் எல்லாம் பண்ணிட்டோம். ரெண்டுக்கும் நடுவுல திதி மாறுது. வருசா வருசம் எதுக்குக் குடுக்கறது?”

சட்டப்படி செவ்வாய் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். “அப்ப புதன்கிழமை காலையில அவ கையப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேனே, சூடாத்தானே இருந்துச்சு?”

எல்லாம் சம்மதித்து, எல்லாம் கொடுத்து, கண்ணீரோடு எங்களைக் கும்பிட்டுப் போன குடும்பம் அது. அவர்களுக்கே இறந்த நேரத்தை நாங்கள் சொல்லியிருக்கவில்லை. “ஒன்பது பத்து. உங்கள் தங்கை இப்போது இறந்துவிட்டார். இனி இயந்திரம் உறுப்புகளுக்காக ஓடுகிறது” என்று ஒரு வாக்கியம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் நேராகப் படிவத்தை நீட்டிவிட்டோம். அந்தத் தவறு என்னுடையது, இன்றுவரை உறுத்துகிறது.

திதி பார்க்கும் குடும்பத்துக்கு மட்டும் இந்த வில்லங்கம் இல்லை. முஸ்லிம் பெண்ணுக்குக் கணவர் இறந்த நாளிலிருந்து நான்கு மாதம் பத்து நாள் இத்தா காத்திருப்பு. அரசு ஊழியரானால் மறுநாளிலிருந்து குடும்ப ஓய்வூதியம். நாம் போகிற போக்கில் எழுதும் நேரத்தின் மேல் ஒரு குடும்பம் அடுத்த முப்பது வருடத்தை வைக்கிறது.

ஆகவே திருத்தும் படிவம் இப்படி இருக்க வேண்டும் என்பது இந்த இதழின் நிலைப்பாடு: மூளைத்தண்டு மரணம் ஆம் எனில், இரண்டாவது பரிசோதனை முடிந்த நேரமே இறந்த நேரம். குடும்பம் சம்மதித்தாலும் மறுத்தாலும் அதே நேரம். தானம் குறித்துக் கேட்கப்பட்டதா என்பது தனிக் கேள்வி, தனி இடத்தில், அதைக் கேட்டவரின் கையெழுத்தோடு. இரண்டையும் சேர்த்துப் போட்டால், இன்று படுக்கையருகே நடக்கும் குழப்பத்தை அப்படியே அச்சில் ஏற்றியதாகிவிடும். ‘கேட்கப்பட்டதா’ என்பதற்கு இரவுப் பணியில் இருக்கும் பயிற்சி மருத்துவர் லிஃப்ட் வாசலில் இரண்டு நிமிடம் பேசிவிட்டு டிக் போடுவார். ஆண்டு முடிவில் அந்த டிக்குகளை எண்ணி ஓர் அறிக்கை வரும்.

மறுத்த குடும்பத்துக்கு வென்டிலேட்டரை எப்போது நிறுத்துவது என்பதும் இதோடு தீர வேண்டும். உயிர்காப்பு சிகிச்சையை விலக்குவது பற்றி 2024 செப்டம்பரில் ஒன்றிய சுகாதார இயக்குநரகம் வெளியிட்ட வரைவில் மூளைத்தண்டு மரணம் ஒரு நிபந்தனையாக இருக்கிறது. ஏற்கெனவே இறந்தவருக்கு சிகிச்சையை ‘விலக்கும்’ முடிவு எதற்கு என்று இந்த இதழ் அப்போதே கேட்டது. வரைவு வரைவாகவே கிடக்கிறது.

மேலிடத்தின் மேல் எனக்குள்ள மனக்குறையை மறைக்கவில்லை. கொடையாளர் உடலுக்கு அரசு மரியாதை என்று 2023 செப்டம்பர் 23-இல் முதலமைச்சர் அறிவித்ததை நாம் பாராட்டினோம், இன்றும் பாராட்டுகிறோம். கலெக்டர் வந்து மாலை வைக்கும்போது அந்தத் தெருவே தலை நிமிர்கிறது. ஆனால் மறுத்தவர் வீட்டுக்கு என்ன கிடைக்கிறது? மூன்று நாள் ஐசியு பில்லும், யாரும் தெளிவாகச் சொல்லாத ஒரு சாவும். 2024-இல் ஐசியு வாசலில் தானம் குறித்த அறிவிப்புப் பலகை வைக்கச் சொல்லி தேசிய உறுப்பு மாற்று அமைப்பான நோட்டோ கடிதம் எழுதியது. உள்ளே பிள்ளை கிடக்க, பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அம்மா டாக்டர் வாயைத் திறக்கும் முன்பே அந்தப் பலகையைப் படித்துவிடுகிறார். சந்தேகம் அங்கேயே ஆரம்பமாகிறது. 2025 ஆகஸ்டில் நோட்டோ வெளியிட்ட அறிவுரை, முன்பு தானம் செய்தவரின் நெருங்கிய உறவினருக்குக் காத்திருப்போர் பட்டியலில் முன்னுரிமை என்றது. நியாயமான எண்ணம்தான். ஆனால் துக்கத்தில் இருப்பவரிடம் இதை ஒருங்கிணைப்பாளர் எந்த வாயால் சொல்வார்? சொன்னால் பேரம் போல ஆகிவிடும். சொல்லாவிட்டால் பின்னால் கேட்பார்கள்.

அதே அறிவுரையில் ஒருங்கிணைப்பாளருக்கு நிரந்தரப் பணியிடம் வேண்டும் என்றும் இருந்தது. எனக்குத் தெரிந்த பலர் இன்னும் ஒப்பந்தத்தில்தான் இருக்கிறார்கள். இரவு இரண்டு மணிக்கு ஒரு தாயிடம் போய் உட்காருபவரின் வேலை மார்ச் 31-க்கு அப்புறம் இருக்குமா என்பது அவருக்கே தெரியாது. மூளைத்தண்டு மரணத்தை அறிவிப்பது 2008 முதல் நம் அரசாணைகளில் கட்டாயம். அறிவிக்காத மருத்துவமனையை யார் கேட்டார்கள்? கொடையாளர்களைத்தான் எண்ணுகிறார்கள், அறிவிக்கப்படாத மரணங்களை எண்ணுவோர் இல்லை. எத்தனை கூட்டங்களில் இதைச் சொன்னோம், எத்தனை மனு கொடுத்தோம். “டாக்டர், இந்த வருஷம் எண்ணிக்கை நல்லா இருக்கே” என்று பதில் வந்தது. எண்ணிக்கை நன்றாக இருந்ததால் 2015-இல் கேரளத்திலும் யாரும் எதையும் கேட்கவில்லை.

படிவம் மாற எத்தனை மாதம் ஆகுமோ தெரியாது. அதற்குமுன் நம் கையில் ஒன்று இருக்கிறது. உங்கள் பிரிவில் இந்த ஆண்டு மூளைத்தண்டு மரணம் உறுதியான ஒவ்வொருவருக்கும் இரண்டு நேரங்களை எழுதி இதழ் முகவரிக்கு அனுப்புங்கள்: இரண்டாவது பரிசோதனை முடிந்த நேரம், சான்றிதழில் நீங்கள் எழுதிய நேரம். குடும்பம் சம்மதித்ததா மறுத்ததா என்று பக்கத்தில் ஓர் எழுத்து. பெயர், ஊர், மருத்துவமனை எதுவும் வேண்டாம். வருவதை எல்லாம் அப்படியே வெளியிடுகிறோம். முதல் இரண்டு நேரங்கள் என்னுடையவை: செவ்வாய் இரவு 9.10, சான்றிதழிலும் 9.10. வீட்டார் அறிந்தது, புதன் மாலை 4.00.