விரல்களிலும் தமிழ் வேண்டும்

திருப்பெரும்புதூர், ஒரகடம் ஆலைகளில் பொறியிரைச்சலிடையே செவியுடையாரும் கைகாட்டியே பேசிக்கொள்கின்றனர். செவிகேளார்க்கோ கையே வாய். அவர்தம் சைகைமொழியைக் கற்பிக்கும் கைப்பேசிச் செயலியொன்றை நடுவணரசு 2022-இல் வெளியிட்டது; 10,000 சொற்கள். நற்பணியே! ஆயின், சொல்லைத் தேட அன்று வைத்த வாயில்கள் இந்தியும் ஆங்கிலமுமே. தமிழ் மட்டுமே படித்த தொழிலாளி எவ்வழி நுழைவான்?

சைகைமொழி தனிமொழி, தமிழின் கைப்படியன்று. பெயரையும் ஊரையும் எழுத்துக்கூட்டிக் காட்டவே விரலெழுத்து. பெரிதும் வழங்குவதோ ஆங்கிலத்தின் 26 எழுத்தே. ‘எழிலி’ எனப் பெயர்பூண்டவள் ழகரத்தை எவ்விரலாற் காட்டுவாள்?

ஒரு கையில் 18 மெய், மறு கையில் 12 உயிர். இரண்டும் இணைய 216 உயிர்மெய்யும் தாமே பிறக்கும். இருகையால் எழுத்துக் காட்டுதல் ஈண்டுப் புதிதுமன்று. செவிகேளாதாரையே முன்னிருத்தித் தமிழ்நாட்டரசு இதனை வரையறுத்து, செயலியாக்கி, ஆலைதோறும் தரட்டும்.