கம்பெனி வாசலும் காண்ட்ராக்ட் வாசலும்



தேர்வு முடிவுகள் வெளியாகி மார்க் பட்டியல் கைக்கு வந்தவுடன், நம்முடைய தென் மாவட்டங்களிலிருந்து புனேவுக்கு வரும் இரயில்களில் வாலிபர் கூட்டம் பெருகிவிடும். தோளில் ஒரு பை, பிளாஸ்டிக் உறைக்குள் ஐ.டி.ஐ. அல்லது டிப்ளமோ சான்றிதழ், சட்டைப் பையில் ஓர் உறவினரின் விலாசம். தேஹு ரோட்டிலோ கட்கியிலோ பிம்ப்ரியிலோ மாமா வீட்டில் தங்குகிறார்கள். இரண்டு வாரம் கழியுமுன் ஊருக்குச் செய்தி போகிறது: "கம்பெனியில் வேலை கிடைத்துவிட்டது." தாயார் அடுத்த ஞாயிறு ஆராதனையில் எழுந்து நின்று சாட்சி சொல்லுகிறார்.

அந்தச் சாட்சியில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் "கம்பெனியில் வேலை" என்கிற சொற்களுக்கு இந்த ஊரில் இன்று என்ன பொருள் என்பதைப் பெற்றோரும் பிள்ளைகளும் அறிந்திருக்க வேண்டும். ஆகவே இந்த மாதம் அதைப் பற்றியே எழுதுகிறேன்.

பிம்ப்ரி-சிஞ்ச்வட் பகுதியின் தொழில் வரலாறு நீண்டது. 1954-ல் இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் ஆலை பிம்ப்ரியில் தொடங்கப்பட்டது. 1962-ல் எம்.ஐ.டி.சி. என்னும் மகாராஷ்டிரத் தொழில் வளர்ச்சிக் கழகம் உருவாகி நிலங்களை எடுத்துத் தொழிற்பேட்டைகளை அமைத்தது. அறுபதுகளில் பஜாஜ் ஆக்குர்டியிலும், டெல்கோ பிம்ப்ரியிலும் வேரூன்றின. அக்காலத்தில் வந்த நம் மூத்த விசுவாசிகளைக் கேட்டுப் பாருங்கள். வேலைவாய்ப்பு அலுவலகத்தின் அட்டை, ஆலை வாசலில் ஒரு நேர்முகம், சில மாதப் பயிற்சி, பிறகு நிரந்தரம் என்று வரிசையாகச் சொல்லுவார்கள். அவர்களுக்குச் சம்பளம் கொடுத்தவரும் வேலை வாங்கியவரும் ஒருவரே. அவர்களில் பலர் அந்தச் சம்பளத்தில் வீடு கட்டி, பிள்ளைகளைப் படிக்க வைத்து, பென்ஷனோடு ஓய்வு பெற்றார்கள்.

அவர்களுடைய பேரப்பிள்ளைகள் நுழைவது வேறொரு வாசல். சாக்கனிலும் தளேகாவிலும் ரஞ்சன்காவிலும் ஆலைகள் முன்பைவிடப் பெரியவை. ஆனால் அவற்றின் பெயர்ப்பலகைக்குக் கீழே நின்று வேலை செய்கிறவர்களில் அநேகர் அந்தக் கம்பெனியின் ஆட்கள் அல்லர். ஆள் அனுப்பும் ஏஜென்சியின் ஆட்கள். சீருடையில் கம்பெனியின் சின்னம் இருக்கும். சம்பளச் சீட்டில் வேறொருவர் பெயர் இருக்கும். சில இடங்களில் சீட்டே இருக்காது.

இந்த ஏஜென்சிகள் நடக்கும் விதத்தை எளிமையாகச் சொல்லுகிறேன். ஓர் ஆலைக்கு இருநூறு ஹெல்பர்களும் ஆபரேட்டர்களும் தேவை என்றால், அது காண்ட்ராக்டரிடம் சொல்லுகிறது. அவர் ஆட்களைத் திரட்டி அனுப்பி, அவர்களுடைய கூலி, முதலாளி கட்டவேண்டிய பி.எஃப்., இ.எஸ்.ஐ. பங்கு, தம்முடைய சேவைக் கட்டணம் எல்லாவற்றையும் கூட்டி, அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேர்த்து ஆலைக்கு பில் அனுப்புகிறார். ஆகவே அவருடைய ஊதியம் ஆலையிடமிருந்து வந்துவிடுகிறது. தொழிலாளியிடம் அவர் கைநீட்ட வேண்டிய அவசியமே இல்லை. ஆயினும் நீட்டுகிறார்கள். பதிவுக் கட்டணம், ஃபாரம் கட்டணம், மருத்துவப் பரிசோதனை, கேட் பாஸ், பாதுகாப்பு ஷூ என்று ஒவ்வொரு பெயரில் வாங்குகிறார்கள். நம் சபைக்கு வரும் ஒரு தம்பி மூவாயிரம் ரூபாய் கட்டிவிட்டு, எந்தக் கம்பெனி என்றே தெரியாமல் ஒன்பது நாள் காத்திருந்தார்.

வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜெண்டுகளுக்கு 1983-ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம் உண்டு. பதிவு இல்லாமல் அவர்கள் தொழில் நடத்த முடியாது. உள்நாட்டில் வேலை தேடித் தருவதாகச் சொல்லும் அலுவலகங்களுக்கு அப்படிப்பட்ட தனி மத்தியச் சட்டம் இல்லை. வேலை தேடுகிறவனிடம் தனியார் ஏஜென்சிகள் பணம் வாங்கக் கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1997-ல் ஓர் உடன்படிக்கை செய்தது. இந்தியா அதை ஏற்று உறுதிசெய்யவில்லை. எனினும் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் நாம் மனதில் வைக்க வேண்டிய இரண்டு காரியங்கள் உண்டு. ஒன்று, காண்ட்ராக்டர் தொழிலாளியிடம் நேராகவோ மறைமுகமாகவோ கட்டணமும் கமிஷனும் வாங்கக் கூடாது. மற்றொன்று, ஒவ்வொரு தொழிலாளிக்கும் நியமனக் கடிதம் கொடுக்கப்பட வேண்டும். இதற்கும் வழி கண்டுபிடித்துவிட்டார்கள். முன்னறையில் "கன்சல்டன்சி" என்று ஒருவர் உட்கார்ந்து பணம் வாங்குவார். உள்ளறையில் காண்ட்ராக்டர் என்று அவருடைய மைத்துனர் உட்கார்ந்திருப்பார். காகிதத்தில் இருவருக்கும் சம்பந்தமில்லை. தவிர, காண்ட்ராக்ட் தொழிலாளர் பற்றிய விதிகள் ஐம்பது பேரும் அதற்கு மேலும் உள்ள இடங்களையே பிடிக்கின்றன. நாற்பது பேரை அனுப்புகிறவர் அந்த வலைக்குள் விழமாட்டார்.

இனி, ஏழு மாதக் கணக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த வட்டாரத்தில் பல வாலிபர்களுக்கு ஆறு, ஏழு மாதம் முடிந்ததும் "பிரேக்" கொடுத்துவிடுவார்கள். வேலை சரியில்லை என்பதனால் அல்ல. மகாராஷ்டிரத்தின் பழைய மாதிரி நிலையாணைகளின்படி, பன்னிரண்டு மாதத்திற்குள் 240 நாள் வேலை செய்த தற்காலிகத் தொழிலாளி நிரந்தரம் கேட்க உரிமை உடையவன். அந்த 240-ஐ எட்டாமல் பார்த்துக்கொள்வதற்காகவே பிரேக். சில வாரம் கழித்து அதே வாலிபன் வேறு காண்ட்ராக்டரின் பெயரில் அதே இயந்திரத்தின் முன் நிற்பான். காண்ட்ராக்ட் முறை தடை செய்யப்பட்ட இடத்திலும்கூட அந்தத் தொழிலாளி தானாகவே கம்பெனியின் ஆளாகிவிடமாட்டான் என்று உச்ச நீதிமன்றம் 2001-ல் இந்திய உருக்கு ஆணையம் சம்பந்தப்பட்ட வழக்கில் தீர்ப்பளித்தது. "மூன்று வருஷம் பொறுத்தால் பெர்மனென்ட் ஆக்கிவிடுவார்கள்" என்று ஏஜெண்டு சொன்னால், அதை எழுத்தில் கேளுங்கள்.

நிரந்தரமும் இப்போது முன்போல் இல்லை என்பது உண்மைதான். தளேகாவில் 2008-ல் திறக்கப்பட்ட ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை 2020 டிசம்பரில் உற்பத்தியை நிறுத்தியது. பிறகு அதை ஹூண்டாய் வாங்கிக்கொண்டது. அங்கிருந்த நிரந்தரத் தொழிலாளர்கள் சங்கமாக நின்று நீதிமன்றம்வரை சென்று வழக்காடினார்கள். நியமனக் கடிதமே இல்லாதவன் எதைக் காட்டி வழக்காடுவான்?

சம்பளத்தில் பிடிக்கப்படும் தொகையைப் பற்றி நம் வீடுகளில் தெளிவு குறைவாக இருக்கிறது. உதாரணமாக, அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்து மாதம் 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தொழிலாளியின் பி.எஃப். பங்கு 12 சதவீதம், அதாவது 1,800 ரூபாய். இ.எஸ்.ஐ. பங்கு 2019 ஜூலை முதல் 0.75 சதவீதம்; அது 113 ரூபாய். இம்மாநிலத்தின் தொழில் வரி ஆண்களுக்கு 200 ரூபாய். ஆகக் கைக்கு 12,887 ரூபாய் வரவேண்டும். முதலாளி தம் பங்காக பி.எஃப்.-க்கு இன்னொரு 1,800 ரூபாயும், இ.எஸ்.ஐ.-க்கு 3.25 சதவீதமாகிய 488 ரூபாயும் தனியாகக் கட்டவேண்டும். சில காண்ட்ராக்டர்கள் இந்த இரு பங்கையும் தொழிலாளியின் சம்பளத்திலேயே பிடித்துவிடுகிறார்கள். ஆலையிடமும் அந்தப் பங்கை வாங்கிக்கொள்கிறார்கள். இது சட்ட விரோதம். மாதம் 2,288 ரூபாய் ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு என்பது வாடகை கொடுக்கிறவர்களுக்குத் தெரியும்.

இ.எஸ்.ஐ. அட்டையை வாலிபர்கள் துச்சமாக எண்ணுகிறார்கள். "நான் என்ன நோயாளியா?" என்று கேட்கிறார்கள். போசரியிலும் சாக்கனிலும் உதிரிபாகம் செய்யும் சிறு பட்டறைகளில் பவர் பிரஸ் இயந்திரங்கள் இரவும் பகலும் ஓடுகின்றன. ஒரு ஷிப்டில் ஆயிரக்கணக்கான முறை கை உள்ளே போய் வெளியே வரவேண்டும். இரண்டு ஷிப்டு தொடர்ந்து நின்ற பத்தொன்பது வயதுப் பிள்ளை ஒருவன், ஒரு முறை கையை எடுக்கத் தாமதித்தான். வலது கையில் இரண்டு விரல்கள் போயின. அவன் சேர்ந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. அவனுடைய இ.எஸ்.ஐ. பதிவு, விபத்து நடந்த அன்று மாலையில் செய்யப்பட்டிருந்தது! ஊரிலிருந்து வந்த அவன் தகப்பனாரிடம் காண்ட்ராக்டர் ஒரு கவரைக் கொடுத்து, மராத்தியில் எழுதிய காகிதத்தில் கையொப்பம் கேட்டார். அந்த மனிதர் மராத்தி அறியாதவர். ஆனால் படித்துச் சொல்ல ஆள் வரும்வரை கையெழுத்துப் போடமாட்டேன் என்று உறுதியாக நின்றார். அது அந்தக் குடும்பத்தைக் காப்பாற்றியது. வேலையில் நேர்ந்த காயத்துக்கு, குணமாகும்வரை சம்பளத்தில் 90 சதவீதமும், உறுப்பு இழப்புக்கு அதன் அளவுக்கேற்ற மாதாந்திரத் தொகையும் இ.எஸ்.ஐ. தருகிறது. அவன் இப்போது அந்தத் தொகையைப் பெறுகிறான். வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே இ.எஸ்.ஐ. எண்ணைக் கேட்டு வாங்குங்கள். சிஞ்ச்வட் மோகன் நகரில் உள்ள இ.எஸ்.ஐ. மருத்துவமனை எங்கே என்பதையும் ஒரு நாள் போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உள்ளூர் மொழி, உள்ளூர் ஆள் என்னும் கேள்வியையும் தொட்டுவிட்டுப் போகிறேன். அரசின் சலுகை பெறும் ஆலைகளில் 80 சதவீத வேலைகள் உள்ளூராருக்கு என்பது மகாராஷ்டிர அரசின் நெடுங்காலக் கொள்கை. நிலம் கொடுத்த கிராமத்தார் தங்கள் பிள்ளைகளுக்கு வேலை கேட்பதில் நியாயம் இருக்கிறது. பதினைந்து ஆண்டு இம்மாநிலத்தில் குடியிருந்தால் உள்ளூராராகவே கருதப்படுவதற்கு வழி உண்டு. இங்கே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு டொமிசைல் சான்றிதழ் வாங்கி வைக்காத பெற்றோர் அநேகர். மராத்தி பேசத் தெரிந்த பிள்ளையை ஏஜெண்டு அவ்வளவு எளிதில் ஏமாற்றுவதுமில்லை.

காலையில் ஆறரை மணிக்கு நாக்கா வழியாகப் போகிறவர்கள் பார்த்திருப்பீர்கள், கூலிக்கு நிற்கும் கூட்டத்தை. மத்தேயு 20-ஆம் அதிகாரத்து உவமையில் திராட்சத்தோட்டத்து எஜமான் தாமே கடைத்தெருவுக்குப் போய் ஆட்களை அழைக்கிறார்; கூலி இன்னதென்று முன்னரே பேசிக்கொள்கிறார்; அன்று மாலையே அது கொடுக்கப்படுகிறது. இடையில் கமிஷன் வாங்க ஒருவரும் இல்லை. நம் சபைகளில் சிலர் ஏஜென்சிகளுக்கு ஆள் பிடித்துக் கொடுத்துத் தலைக்கு இவ்வளவு என்று பெற்றுக்கொள்கிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். ஆராதனை முடிந்து வாசலில் நின்று ஒரு தம்பியின் தோளில் கைபோட்டு "பிரதர், நல்ல வேலை இருக்கிறது" என்று சொல்லுகிறவர், தாம் வாங்கும் தொகையையும் அவனிடம் சொல்லட்டும்.

கடைசியாக, நம் தமிழ்ப் பிள்ளைகளுக்கே உரிய ஒரு தொல்லை. நமக்கு குடும்பப் பெயர் இல்லை, இனிஷியல்தான். இங்கே எல்லா ஃபாரத்திலும் பெயர், தகப்பன் பெயர், குடும்பப் பெயர் என்று மூன்று கட்டங்கள். மார்க் பட்டியலில் "எஸ். டேவிட்" என்று இருப்பவன் ஆதாரில் "டேவிட் சாமுவேல்" என்றிருப்பான். ஏஜென்சியின் குமாஸ்தா "சாமுவேல் டேவிட்" என்று எழுதிவிடுவார்; வேறொருவர் ஊர்ப் பெயரைக் குடும்பப் பெயராக்கிவிடுவார். காண்ட்ராக்டர் மாறும் ஒவ்வொரு முறையும், பழைய யு.ஏ.என். எண்ணைக் கேட்காமல் புதிதாக ஒன்றை உண்டாக்குகிறவர்களும் உண்டு. ஒரே ஆளுக்கு மூன்று எண், மூன்று பெயர். பி.எஃப். பென்ஷனுக்குப் பத்து ஆண்டுச் சேவை வேண்டும். அது மூன்று துண்டாகக் கிடந்தால் யார் கூட்டிக் காட்டுவது? 2014 முதல் யு.ஏ.என். ஒருவருக்கு ஒன்றுதான்; பன்னிரண்டு இலக்கம். அதை முதல் வேலையிலேயே எழுதி வைத்துக்கொண்டு, அடுத்த காண்ட்ராக்டரிடம் அதையே கொடுக்க வேண்டும். உமங் செயலியில் மாதந்தோறும் பணம் ஏறுகிறதா என்று பார்க்கலாம். பெயரையும் பிறந்த தேதியையும் பொறுத்தவரை, மார்க் பட்டியலில் உள்ளபடியே ஆதாரையும் வங்கிக் கணக்கையும் ஊரில் இருக்கும்போதே திருத்திக்கொண்டு புறப்படச் சொல்லுங்கள். இங்கே வந்தபின் அந்தத் திருத்தத்துக்காக வரிசையில் நிற்கும் ஒவ்வொரு நாளும் ஒரு நாள் கூலி போகும்.