உறையைப் படிக்காதவர்கள்

எண்பதுகளிலும் தொண்ணூறுகளின் தொடக்கத்திலும் வளர்ந்தவர்கள் நாலு பேர் சேர்ந்தால், பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் கடைசியில் பாட்டில்தான் வந்து நிற்கும். 'அந்தக் கேசட்டுகள்தான் நம்மை வளர்த்தன' என்று ஒருவர் சொல்வார். மற்றவர்கள் தலையாட்டுவார்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை என்று ஒரு பெருமூச்சும் கூடவே வரும். அந்த நேரம் பார்த்து ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: 'இளைய நிலா' பாட்டின் தொடக்கத்தில் வரும் கிடார் யார் வாசித்தது?

பாடியது எஸ்.பி.பி., எழுதியது வைரமுத்து, இசை ராஜா, படம் 'பயணங்கள் முடிவதில்லை', வருஷம் 1982, திரையில் வாயசைத்தது மோகன். இதெல்லாம் ஒரே மூச்சில் வந்துவிடும். கிடார் என்றதும் பேச்சு நின்றுவிடும். வாசித்தவர் ஆர். சந்திரசேகர். நாற்பது வருஷமாக அந்தக் கிடாரை வாயாலேயே வாசித்துக்காட்டி வருகிறோம். கல்லூரி விழாவில் கிடாரைத் தொட்டவன் எவனும் முதலில் தடவிப் பார்த்தது அதைத்தான். வாசித்த மனிதரின் பெயர் மட்டும் எங்களுக்குத் தேவைப்படவில்லை.

ஏதோ ஒரு பெயர் மறந்துபோன சங்கதி இல்லை இது. பாட்டை எடுத்துக்கொண்டு மீதியை எல்லாம் தூர எறிந்த ஒரு தலைமுறையின் பழக்கம். ஆல்பம் ஆல்பமாகக் கேட்டு வளர்ந்தோம் என்று இன்று பெருமை பேசுகிறோமே, அதுவே பாதிப் பொய். ஆல்பத்தை முதலில் உடைத்தவர்கள் நாங்கள்தான். செல்போன் வந்து உடைக்கவில்லை.

தெருமுனை ரெக்கார்டிங் சென்டரை நினைத்துக்கொள்ளுங்கள். கோடு போட்ட நீள நோட்டில் படவாரியாகப் பாட்டு எழுதி, ஒவ்வொன்றுக்கும் எண் போட்டிருப்பார்கள். பின்னால் அலமாரி நிறைய எக்கோ, இன்ரிகோ, எச்.எம்.வி. எல்.பி. தட்டுகள். நாங்கள் வெறும் கேசட்டும் ஒரு துண்டுச் சீட்டுமாகப் போவோம். சீட்டில் பன்னிரண்டு, பதின்மூன்று பாட்டு. அறுபது நிமிஷக் கேசட்டில் ஒரு பக்கம் முப்பது நிமிஷம்தான். அதற்குள் ஆறு பாட்டு அடங்கி இரண்டு நிமிஷம் மிஞ்சினால், கடைக்காரர் தன் இஷ்டத்துக்கு ஏழாவதாக ஒன்றைப் போட்டு நிரப்புவார். அது சரணத்தின் நடுவில், ஒரு சொல்லின் பாதியில் அறுந்து போகும். இன்றைக்கும் அந்தப் பாட்டை எங்கே கேட்டாலும், அந்த இடம் வந்ததும் காது நின்று போகிறது. அதற்குப் பிறகும் பாட்டு ஓடுவது எங்களுக்கு ஆச்சரியமாகவே இருக்கிறது.

அந்தச் சீட்டில் எதை எழுதினோம், எதை விட்டோம் என்பதுதான் விஷயம். ஒரு படத்தில் ஐந்து பாட்டு என்றால் இரண்டுதான் சீட்டில் ஏறும். சோகப்பாட்டை விட்டோம். பெயர் தெரியாத பாடகி பாடியதை விட்டோம். பாட்டே இல்லாத டிராக்கைக் கேட்கவே வேண்டாம், அதற்கு எதற்கு நாலு நிமிஷம் என்று விட்டோம். கடைக்காரருக்குக் கொடுத்த காசில் பாடினவருக்கோ எழுதினவருக்கோ வாசித்தவருக்கோ ஒரு பைசா போகவில்லை என்பது ஒருநாளும் எங்கள் மனசில் தட்டவில்லை. வாத்தியக்காரர்களுக்குக் கால்ஷீட் கணக்கில் அன்றன்று கூலி. அதோடு அவர்களுக்கும் பாட்டுக்கும் உள்ள உறவு முடிந்தது. எங்களுக்கோ அந்தப் பாட்டு ஆயுசுக்கும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், தட்டு என்ற ஒன்று தனியாக இருந்ததால்தான் சில பாட்டுகளே நமக்குக் கிடைத்தன. 'நிழல்கள்' (1980) படத்தில் 'தூரத்தில் நான் கண்ட' இல்லை. 'அலைகள் ஓய்வதில்லை' (1981) படத்தில் 'புத்தம் புதுக் காலை' இல்லை. இரண்டும் ஜானகி பாடியவை, இரண்டும் தட்டில் மட்டும் இருந்தவை. காட்சி இல்லை, நடிகை இல்லை, தியேட்டரில் யாரும் பார்க்கவில்லை. ஆனாலும் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தன. படம் வேறு, தட்டு வேறு, தட்டுக்கென்று ஒரு தனி உயிர் உண்டு என்று புரிந்துகொள்ள இதைவிட என்ன வேண்டும்? நாங்கள் புரிந்துகொண்டது, 'படத்துல இல்லாத பாட்டு தெரியுமா' என்று விடுகதை போடுவதற்கு ஒரு விஷயம் கிடைத்தது என்பதைத்தான்.

எங்கள் அலட்சியத்தில் பெரியது 1986இல் நடந்தது. இளையராஜா 'ஹவ் டு நேம் இட்?' என்ற ஆல்பத்தை வெளியிட்டார். படம் கிடையாது. பாட்டு கிடையாது. தியாகராஜருக்கும் பாக்குக்கும் சமர்ப்பணம் செய்த வாத்திய இசை. ராஜா பெயர் இருந்ததால் வாங்கினவர்கள் உண்டு. வாங்கி ஒரு பக்கம் கேட்டுவிட்டு, 'பாட்டு எப்ப வரும்?' என்று கேட்டவர்களும் உண்டு.

கேசட்டின் முதுகில் இரண்டு ஓரத்திலும் சின்னதாக நாக்கு மாதிரி பிளாஸ்டிக் இருக்கும். கம்பெனிக் கேசட்டில் அதை உடைத்திருப்பார்கள். மேலே வேறு எதையும் பதிந்துவிடக் கூடாது என்பதற்காக. அந்தக் குழியில் காகிதத்தை மடித்துத் திணித்தால், இல்லை ஒரு துண்டு செல்லோடேப் ஒட்டினால், டேப்ரிக்கார்டர் ஏமாந்துவிடும். சிவப்புப் பொத்தான் இறங்கும். அப்படிச் செல்லோடேப் ஒட்டி, 'ஹவ் டு நேம் இட்?' மேலேயே அந்த மாதத்துப் புதுப்பட ஹிட்டுகளைப் பதிந்த ஆட்கள் எங்களில் இருக்கிறார்கள். பெயர் சொல்லவில்லை. இன்று அவர்கள்தான் ராஜாவின் மேற்கத்திய இசை அறிவைப் பற்றிக் கூட்டங்களில் அதிகம் பேசுகிறார்கள்.

அதில் 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்' என்று ஒரு டிராக். பாக்கின் மூன்றாம் வயலின் பார்ட்டிட்டாவில் முதலில் வரும் துண்டு பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். ஒரு சுரத்திலும் நிற்காத ஓட்டம் அது. அதன் மேல் இன்னொரு வயலின், நம்மூர்க் கமகத்தோடு, அவசரமே இல்லாமல் வந்து உட்காரும். ஒன்று நேர்க்கோடாகப் போக, மற்றொன்று வளைந்து வளைந்து போகும். இரண்டும் ஒன்றுக்கொன்று வழிவிட்டுக்கொண்டே போவதைக் கேட்டால் நியாயமாக எழ வேண்டிய முதல் கேள்வி, இதை வாசித்த கை யாருடையது என்பதுதான். வி.எஸ். நரசிம்மன். சினிமாப் பாட்டுகளின் இடையிசையில் அதே கையை வருஷக்கணக்கில் கேட்டிருக்கிறோம், ஆளைத் தெரியாமல். இந்த ஆல்பத்தில் பெயரையே போட்டிருந்தார்கள். படிக்கவில்லை.

இரண்டு வருஷம் கழித்து பாலு மகேந்திராவின் 'வீடு' வந்தது. அவர் அந்த ஆல்பத்திலிருந்தே இசையை எடுத்துப் படத்துக்குப் பின்னணியாக வைத்திருந்தார். பாதியில் நிற்கிற ஒரு வீட்டைப் பார்த்துக்கொண்டு அர்ச்சனா நிற்கும்போது, அதே வயலின் எங்களுக்குத் தொண்டையை அடைத்தது. 'ராஜா இந்தப் படத்துக்கு என்னமா போட்டிருக்கார்' என்றோம். ஏற்கெனவே எங்கள் வீட்டில் தூசி படிந்து கிடந்த கேசட்தான் அது என்பது பலருக்கு வருஷங்கள் கழித்துத்தான் தெரிந்தது. ஒரு முகமும் ஒரு கதையும் வந்து சிபாரிசு செய்தால்தான் இசையை உள்ளே விடுவோம் என்று உட்கார்ந்திருந்தோம். 1988இல் ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலோடு வந்த 'நத்திங் பட் விண்ட்' ஆல்பத்துக்கும் ஏறக்குறைய அதே மரியாதைதான். நரசிம்மன் 1993இல் மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்ட்டெட் தொடங்கி, கர்நாடகக் கீர்த்தனைகளை இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோவில் வாசிக்க ஆரம்பித்தார். அந்தக் கச்சேரிகளுக்கு எங்களில் எத்தனை பேர் போனோம் என்று கேட்டுவிடாதீர்கள்.

உறையில் பெயர் போடாதது கம்பெனிகளின் குற்றம்தானே, எங்களை ஏன் குறை சொல்ல வேண்டும் என்று கேட்கலாம். நல்ல வாதம். அது ரஹ்மான் காலத்தில் செல்லாமல் போயிற்று. அவருடைய ஆல்பங்களின் உறைகளில் வாசித்தவர்கள், கோரஸ் பாடினவர்கள், ஒலிப்பதிவாளர் என்று பொடி எழுத்தில் பட்டியலே வர ஆரம்பித்தது. புல்லாங்குழல் நவீன் குமார், பேஸ் கிடார் கீத் பீட்டர்ஸ், ஒலிப்பதிவு எச். ஸ்ரீதர். அந்த உறையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தோம், பாட்டு வரிகளுக்காக. 'பம்பாய்' (1995) தீமில் வரும் குழல் நவீனுடையது. 'லகான்', 'கன்னத்தில் முத்தமிட்டால்' இரண்டிலும் தேசிய விருது வாங்கியவர் ஸ்ரீதர். 'ரஹ்மான் பாட்டுல சவுண்டே தனி' என்று வாய் ஓயாமல் சொன்னோமே, அந்த சவுண்டுக்குப் பின்னால் இருந்தவர்களில் முக்கியமான ஒருவர். 2008 டிசம்பரில் அவர் போனபோது எங்களில் பெரும்பாலோருக்கு அது யாரோ ஒருவரின் மரணச் செய்தி.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 'என்னை வளர்த்த பத்து ஆல்பங்கள்' என்று எழுதச் சொன்னால் ராஜா, ரஹ்மான், கொஞ்சம் படித்த தோரணை வேண்டுமென்றால் பிங்க் ஃப்ளாய்ட் என்று எழுதுவோம். பொய். எங்கள் காதில் முதலில் விழுந்தது அவை எதுவும் இல்லை. ஆடி மாசத்தில் வேப்பமரத்தில் கட்டின குழாயிலிருந்து விழுந்த எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாட்டுகள். கார்த்திகையில் வீரமணியின் ஐயப்பன் பாட்டுகள். நாகூர் ஹனிபா. விடியலில் சூலமங்கலம் சகோதரிகளின் கந்த சஷ்டி கவசம். மைக் செட்டுக்காரர் கேசட்டைப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார், ஆகவே முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டுவரை வரிசை மாறாமல் கேட்டோம். ஒரு பாட்டு முடிந்ததும் அடுத்தது எந்தச் சுருதியில் எடுக்கும் என்று இன்னும் நாக்கு நுனியில் இருக்கிறது. ஒழுங்காக, முழுசாக நாங்கள் கேட்ட ஆல்பங்கள் அவை மட்டும்தான். ஒன்றுகூடப் படப்பாட்டு இல்லை. அப்புறமும் மேடையேறி, 'தமிழில் சினிமாவுக்கு வெளியே இசையே வளரவில்லை' என்று வருத்தப்படுவோம். ரஹ்மானின் தொடக்கம் 'ரோஜா' என்று அடித்துச் சொல்வோம். அதற்கு முன்பே அவர் இசையமைத்த இஸ்லாமிய பக்திப் பாடல் தொகுப்பு 'தீன் இசை மாலை' இருக்கிறது.

ஊர் ஊராகப் போய்ச் சேகரித்து விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன் தம்பதியர் பாடிய நாட்டுப்புறப் பாடல்களுக்கும், இன்குலாப்பின் வரிகளைப் பறையோடு மேடை மேடையாகக் கொண்டுபோன கே.ஏ. குணசேகரனின் குரலுக்கும் எங்கள் அலமாரியில் இடம் இருந்ததா? கூட்டத்தில் கேட்டோம், கைதட்டினோம். வீட்டு ஷோகேஸில், விருந்தாளி பார்க்கிற இடத்தில் வைக்கவில்லை. காரணம் ரசனை என்று சொல்லிக்கொண்டோம். சாதியும் அந்தஸ்தும் அதற்குள் இருந்தன என்று இப்போதாவது சொல்லித் தொலைக்கலாம்.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. நடைபாதையில் எம்.பி.3 சி.டி. வந்தது, ஒரே தட்டில் நூற்றைம்பது பாட்டு, 'ராஜா ஹிட்ஸ்' என்று மேலே ஒரு ஜெராக்ஸ் படம், உள்ளே படத்தின் பெயர்கூடக் கிடையாது. அடுத்து செல்போன் கடையில் மெமரி கார்டில் பாட்டு 'ஏத்தினோம்'. ஒவ்வொரு படியிலும் உறை சுருங்கி, கடைசியில் காணாமலே போனது. கேசட்டுகள் பழைய பேப்பர்காரரிடம் போயின. கிராமங்களில் நாடாவை உருவி வயலில் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டினார்கள். காற்றில் அது விர்ரென்று சத்தம் போடும், வெயிலில் மின்னும், குருவி அண்டாது. நாங்கள் செய்ததிலேயே உருப்படியான பயன்பாடு ஒருவேளை அதுதானோ என்னவோ.

கிராமபோன் தட்டுகளை ஆயுள் முழுக்கச் சேர்த்த வி.ஏ.கே. ரங்காராவ் போன்றவர்களை 'ஒரு மாதிரியான ஆள்' என்ற பார்வையோடுதான் பார்த்தோம். எல்.பி. தட்டைத் தேடிப் பிடித்து, கழுவித் துடைத்து, கீறல் சத்தம் தெரியாமல் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருக்கும் நண்பனை, 'வேற வேலை இல்லையா உனக்கு?' என்று கேட்டோம். இன்று யூடியூபில் ஒரு பழைய இடையிசை துல்லியமாகக் கேட்டால், அதற்குப் பின்னால் அநேகமாக அப்படி வேலை இல்லாத ஒருவர் இருப்பார். அதற்குக் கீழே இதயப் படம் போட்டுவிட்டுப் போகிறோம்.

திருந்திவிட்டோம் என்று சொல்ல ஆசைதான். ராஜாவின் நேரடிக் கச்சேரிகள் இப்போது மைதானம் நிரம்பி நடக்கின்றன. நெப்போலியன் புல்லாங்குழலோடு எழுந்து நிற்பார். அருண்மொழி என்ற பெயரில் எங்கள் இளமைக்குப் பாடினவரும் இவரே என்பது பக்கத்து நாற்காலிக்காரருக்குத் தெரியாது, சொன்னால், 'அப்படியா!' என்பார். பல்லவி முடிந்து இடையிசை தொடங்கும். கூட்டம் விசில் அடிக்கும், சுரம் தவறாமல் கூடவே முனகும். எல்லாக் கையிலும் செல்போன் உயர்ந்திருக்கும். அத்தனை கேமராவும், அந்த நேரத்தில் வாய் திறக்காமல் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும் பாடகரைத்தான் எடுத்துக்கொண்டிருக்கும்.